கடலுக்கு ஒரு குடம் தண்ணீர்

தங்கையனைக் காவிரியில் கரைத்துவிட்டார்கள் என்றுதான் வடகரைமங்கலத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். உண்மையில் புதைத்தார்கள்.

பங்குனிக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அந்த மாதத்தில் காவிரியில் தண்ணீர் ஏது? நடு ஆற்றில் ஆடு மேயும், சாயங்காலமானால் கிரிக்கெட் நடக்கும். எரித்த மறுநாள் காடாற்று முடிந்து அஸ்திக் கலயத்தோடு ஆற்றில் இறங்கியவர்களுக்கு மணல் காலைச் சுட்டது. பூம்புகாருக்குக் கொண்டுபோய்க் கடலிலேயே கரைத்துவிடலாம் என்று யாரோ சொல்லத்தான் சொன்னார்கள். முக்கால் மணி நேரப் பயணம். ஆனால் மகன் இளஞ்செழியனுக்கு சிங்கப்பூரில் லீவு நீட்டித் தரவில்லை, மிச்சக் காரியத்தையும் சுருக்கி முடித்துவிட்டு அவன் விமானம் பிடிக்க வேண்டும். வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. அப்போது பங்காளி துரைராசு பெரிய மனிதத் தோரணையில் ஒரு யோசனை சொன்னார்.

"இங்கயே மணல்ல ஒரு குழி எடுத்து விட்டுடலாம்ப்பா. ஆனியில தண்ணி வரும்ல? அது தானா எடுத்துக்கிட்டுப் போய்க் கடல்ல சேத்துடும். காவேரி போற எடம் கடல்தானே?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தங்கள் வேலையைத் தண்ணீர் தலையில் கட்டிவிடுவதில் எங்கள் பக்கத்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள். முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்தார்கள். கரையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரிலிருந்து தண்ணீர் பிடித்து வந்து ஊற்றினார்கள். சாம்பலும் எலும்பும் பூவும் அதில் இறங்கின. தண்ணீரை மணல் குடித்தது, மேலே மணலைத் தள்ளி மூடினார்கள், கும்பிட்டார்கள், வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

பெண்கள் அங்கே போகும் வழக்கமில்லை. அவர் மனைவி கமலாம்பாள் கரையில் மூங்கில் கொத்துக்குப் பக்கத்தில் நின்று தூரத்திலிருந்தே பார்த்தாள். கரைப்பது என்றால் இப்படியா என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடம் கேட்பது? வாய் இருந்த ஒரே ஆள் குழிக்குள் இருந்தார்.

தங்கையனின் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் பாசன விவசாயிகள் சங்கத் தலைவர். அவர் தெருமுனையில் நின்று பேசினால் அடுத்த ஊரில் மைக் வைத்த மாதிரி கேட்கும். தண்ணீர் வீணாவதை மட்டும் அவரால் தாங்க முடியாது. தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற பெண் 'உபரிநீர் வீணாகக் கடலில் கலக்கிறது' என்று சொல்லிவிட்டால் போதும், சோற்றுக் கையோடு எழுந்து நிற்பார். குழாயைச் சரியாக மூடாவிட்டால் கத்துவார். அரிசி களைந்த தண்ணீரை வாசலில் வீசிவிட்டால், அது ஏன் வாழைக்குப் போகவில்லை என்று கத்துவார். கல்யாணமாகி வந்த வாரமே, கால் கழுவக் கூடுதலாக ஒரு சொம்பு எடுத்ததற்குத் திட்டு வாங்கியவள் கமலாம்பாள். அன்றிலிருந்து வாங்கிக்கொண்டேதான் இருந்தாள். இந்த வாய் என்றைக்கு ஓயுமோ என்று அடுப்படியில் முணுமுணுத்ததும் உண்டு.

ஓய்ந்தது. மகன் விமானம் ஏறினான். சொந்தக்காரர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பினார்கள். வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்த பிரபு வாரத்துக்கு ஒருமுறை வாசலோடு எட்டிப் பார்த்து, "ஒண்ணும் வேணாமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஞாயிற்றுக்கிழமை போனில் மகன் முகம் தெரியும். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேம்ப்பா." "மாத்திரை?" "போட்டுட்டேன்." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

ஒருநாள் சாயங்காலம் கொல்லைக் குழாயைச் சரியாக மூடாமல் வந்துவிட்டாள். சொட்டுச் சொட்டாக வாளியில் விழுகிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. எழுந்துபோய் மூடலாம். மூடவில்லை. யாராவது கத்துவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். வாளி நிரம்பி வழிந்தது. ஒருவரும் கத்தவில்லை. சாவு வீட்டில்கூட அழாதவள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

சித்திரை, வைகாசி முழுக்கக் காலையில் எழுந்ததும் அவளுக்கு ஆற்றங்கரைதான். அடையாளத்துக்கு அந்த இடத்தில் இரண்டு செங்கல் வைத்திருந்தாள். மணல் அள்ள மாட்டுவண்டி எதுவும் அந்தப் பக்கம் இறங்கிவிடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அவர் யார் வீட்டுச் சுவரிலாவது பூச்சாகப் போய்விட்டால்? தங்கையன் வீட்டம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். அவள் காத்திருந்தது தண்ணீருக்கு. அவர் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கல்லணைக்கு வந்துவிட்டது என்றார்கள். பிறகு ஆனி மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் அது வந்தே விட்டது. ஊரில் சிலர் நெல்லும் பூவும் தூவிக் கும்பிட்டார்கள். புதுத்தண்ணீர் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. சருகையும் நுரையையும் செருப்பையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலை நக்கி நக்கி, நடக்கிற வேகத்தில்தான் வரும். கமலாம்பாள் அந்தச் செங்கல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவற்றைச் சுற்றியது, ஏறியது, மூடியது. சற்றுப் பொறுத்து இரண்டு மூன்று நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்தன.

"போயிட்டு வாங்க" என்றாள். பக்கத்தில் நின்ற பெண் காவிரித்தாயைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நாளைக்கு அவர் கடலுக்குப் போய்விடுவார், மிஞ்சினால் அதற்கு மறுநாள். மனதுக்குள் ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவள் மீன்காரி ஜெயா. பூம்புகார் மீனவர் தெருவிலிருந்து மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு புதன்கிழமை புதன்கிழமை வருவாள். தங்கையன் இருந்தவரைக்கும் மீன் வாங்குவதைவிட அவளோடு சண்டை போடுவதுதான் அவருக்கு முக்கியம். ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வந்தால்தான் முகத்துவாரத்தில் எறால் கட்டும் என்பாள் அவள். உன் எறாலுக்காக என் பயிரைக் காயப்போடச் சொல்கிறாயா என்பார் இவர். இரண்டு பேரும் தெருவைக் கூட்டிவிட்டு, கடைசியில் அவர் சங்கராவோ மத்தியோ வாங்குவார், அவள் கூட இரண்டு மீனைத் தள்ளிவிட்டுப் போவாள்.

இப்போது ஒரு ஆளுக்கான மீன். ஜெயா பெட்டியைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள்.

"எறா இல்லையா ஜெயா?"

"எங்க பெரியம்மா எறா? தண்ணி எறங்குனாத்தானே? மொகத்துவாரம் மண்ணடிச்சு மேடா கெடக்கு. ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல புள்ளைங்க வெளையாடுது."

"தண்ணிதான் வந்துடுச்சே. நான் கண்ணால பாத்தேனே. வந்து பத்து நாளைக்கு மேல ஆகுது."

"உங்க ஊருக்கு வந்திருக்கும். எங்க ஊருக்கு ஒரு சொட்டு வரல. ரெகுலேட்டர்ல மறிச்சுட்டாங்க."

கமலாம்பாள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அப்படியானால் அவர் எங்கே?

மறுநாள் காலையில் அவள் பஸ் ஏறினாள். காவிரி கடலுக்குப் போகிற வழியில் கடைசியாக ஒரு கதவணை, ஜெயா சொன்ன ரெகுலேட்டர், இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆற்றுக்கு வேறு தடையில்லை. நிறுத்தத்தில் இறங்கிக் கரையோடு நடந்தாள். தூரத்திலேயே பச்சை வண்ணம் அடித்த ஷட்டர்கள் தெரிந்தன. எல்லாம் இறங்கியிருந்தன. மேற்குப் பக்கம் ஆறு ததும்ப நின்றது. கிழக்குப் பக்கம் ஆடு மேய்ந்தது.

ஷட்டர்களை ஏற்றி இறக்குகிற லஸ்கர் வேலையில் இருந்த அப்சர் அவளைக் கண்டதும் எழுந்துவந்தார். தங்கையன் சாவுக்கு வந்து மாலை போட்டுவிட்டுப் போனவர்.

"வாங்கம்மா. என்ன இவ்வளவு தூரம்? உக்காருங்க."

"உக்கார நேரமில்லப்பா. இந்த ஷட்டரைக் கொஞ்சம் தூக்க முடியுமா?"

"எதுக்கும்மா?"

"தண்ணி கடலுக்குப் போகணும்."

அப்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பில்லை. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தால் யாருக்கும் சிரிப்பு வரும். "ஐயா காதுல விழுந்தா என்ன ஆகும்? இந்த ஷட்டரே அவரு போட்ட சத்தத்துல வந்ததும்மா."

அவளுக்கும் அது தெரியாததில்லை. முன்பெல்லாம் இங்கே இருந்தது துருப்பிடித்த பழைய ஷட்டர். ஓட்டை வழியாகத் தண்ணீர் கடலுக்கு ஓடுகிறது என்று தங்கையன் சங்கத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய் நடுரோட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. புது ஷட்டரும் அடியில் ரப்பரும் வந்தபிறகுதான் ஓய்ந்தார். அன்றைக்கு ஷட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். அந்தக் கேசரியைக் கிளறியவள் கமலாம்பாள்தான். அப்சரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

"சொட்டு ஒழுகாதும்மா இப்ப. வேணும்னா அந்தப் பக்கம் போய்த் தடவிப் பாருங்க" என்றார் பெருமையாக.

அவள் போய்த் தடவிப் பார்த்தாள். படி இறங்கி, காய்ந்த மணலில் நின்று, ஷட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் சுட்டது. ஈரமே இல்லை. இந்த இரும்புக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார். தானே கேட்டு வாங்கி, தானே பொட்டு வைத்த கதவு. கோபப்படுவதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. துரைராசு மேல் கோபம் வந்தது, மகன் மேல் வந்தது, கடைசியில் சுற்றிச் சுற்றி இவர் மேலேயே வந்தது.

மேலே ஏறிவந்து, அப்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மணல் குழியை, செங்கல்லை, கொப்புளத்தை. அப்சர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"மழை பேஞ்சு வெள்ளம் வந்தாத்தாம்மா தூக்குவோம். ஐப்பசி, கார்த்திகை ஆயிடும். மேல இருந்து போன் வராம நான் கை வச்சா வேலை போயிடும்."

"அதுவரைக்கும் இங்கயே நிப்பாங்களா?"

"நிக்காதும்மா. ரெண்டு பக்கமும் வாய்க்கால் பிரியுது பாருங்க. எல்லாம் வயலுக்குத்தான் போகுது." அவளைத் தேற்ற வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஐயா வயலுக்குத்தாம்மா போயிருப்பாரு. அவரு மனசுக்கு அதுதானே புடிக்கும்?"

"உசிரோட இருந்த வரைக்கும் வயல்லயேதான்ப்பா கெடந்தாங்க. நல்ல நாள் கெடையாது, கெட்ட நாள் கெடையாது. செத்தும் அங்கயே நிக்கணுமா? ஒரு எடத்துக்குப் போய்ச் சேர வேணாமா?"

அவள் மேற்குப் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். மேலே ஊர் ஊராகப் போட்ட குப்பையெல்லாம் இங்கே வந்து ஒதுங்கியிருந்தது. ஆகாயத்தாமரை, தெர்மோகோல், அழுகிய மாலை, பிளாஸ்டிக் தட்டு. தண்ணீரை எங்கள் ஜனங்கள் கும்பிடுகிறார்கள், கும்பிட்ட கையோடு இதையும் போடுகிறார்கள். இதற்கு நடுவில் அவர் நிற்கிறார். வீட்டில் ஒரு ஈ மொய்த்தாலே பொறுக்காதவர்.

"ஒரு குடம் இருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

அப்சர் ஏன் என்று கேட்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் போய் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்துவந்தார். தானே படியிறங்கி, ஆகாயத்தாமரையைக் கையால் ஒதுக்கித் தள்ளி, தெளிந்த இடமாகப் பார்த்துக் குடத்தை அமிழ்த்தினார்.

"ரொப்பவாம்மா? தூக்க முடியுமா?"

"முழுசா ரொப்பு. தூக்கிக்குவேன்."

அந்த ஒரு குடத்துக்குள் தங்கையன் இருப்பாரா என்று கேட்காதீர்கள். அவளே கேட்டுக்கொள்ளவில்லை, நமக்கென்ன வந்தது? அப்சர் குடத்தின் வாயில் பாலிதீன் கட்டி, அதை நிறுத்தம் வரைக்கும் சுமந்துவந்து, பூம்புகார் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

மகளிர் கட்டணமில்லாப் பேருந்து. கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவள் மடியோடு அணைத்துக்கொண்டிருந்த குடத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு டிக்கெட் இல்ல, சரி. குடத்துக்கு லக்கேஜ் போடணுமே பெரியம்மா. என்ன அது?"

"தண்ணி."

"எங்க கொண்டு போறீங்க?"

"கடலுக்கு."

பஸ்ஸே சிரித்தது. "கடல்ல தண்ணி கொறைஞ்சு போச்சுன்னு பெரியம்மா ரொப்பப் போறாங்கப்பா" என்றார் கண்டக்டர். அவர் சிரிக்கட்டும். கமலாம்பாளுக்கும் தன்னை நினைத்தால் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் குடத்துக்குள் இடித்து, அந்த இடி அவள் வயிற்றில் பட்டது. வெகுநாளாக அவள் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து எங்கும் போனதில்லை.

போன் பண்ணியிருந்ததால் ஜெயா மொபெட்டோடு நிறுத்தத்தில் நின்றாள். விஷயத்தைக் கேட்டவுடன் அவள் குடத்தைப் பார்த்துக் குனிந்தாள்.

"அட மனுஷா" என்றாள். "என்கிட்ட எம்புட்டு வாயடிச்சீரு, கடைசியில தண்ணி இல்லாம நீரே மாட்டிக்கிட்டீரா?"

குடத்தை முன்னால் வைத்து, கமலாம்பாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முகத்துவாரத்துக்கு ஓட்டினாள். அங்கே ஆறு என்று சொல்ல ஒன்றும் இல்லை. பச்சை பிடித்த தேங்கல், அதற்கு அப்பால் அகலமான மணல் மேடு, அதற்கும் அப்பால் கடல். மணலில் நடக்க முடியாமல் கமலாம்பாள் நின்று நின்று நடந்தாள். ஜெயா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"கடலுக்கு எப்ப வந்தீங்க பெரியம்மா கடைசியா?"

"மாமனாருக்குத் தெவசம் குடுக்க ஒரு தடவ. கையால தண்ணியைத் தொட்டுத் தலையில தெளிச்சுக்கிட்டுப் போயிட்டோம். அவங்க என்னையக் காலைக்கூட நனைக்க விடல. உப்புத் தண்ணியில என்ன இருக்குன்னு கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சுனாமி வந்துச்சா, பயம்."

"உங்க ஊரு ஆளுங்க எல்லாம் அப்படித்தான். சாவு விழுந்தாத்தான் எங்க கடலு உங்க ஞாபகத்துக்கு வரும். முக்கா மணி நேரத்துல இருந்துக்கிட்டு." ஜெயா கோபமாகத்தான் சொன்னாள். "சும்மா வரலாம் பெரியம்மா. வந்து நிக்கலாம். எங்க அம்மாவை அதுதான் கொண்டு போச்சு. அதுக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நான் எங்க போறது? கோவம் வந்தா இங்க வந்து நின்னு வாயில வந்தபடி திட்டுவேன். அது பாட்டுக்குக் கேட்டுக்கும். மனசு ஆறுனா வீட்டுக்குப் போவேன்."

தண்ணீர் ஓரத்துக்கு வந்தார்கள். ஜெயா அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, பக்கவாட்டில் நிற்க வைத்தாள். காலை அகட்டி வைக்கச் சொன்னாள். அலைக்கு முதுகைக் காட்டாதீங்க, அலை திரும்புறப்ப மண்ணு காலை இழுக்கும், பயப்படாம நில்லுங்க என்றாள். முதல் அலை கணுக்காலில் பட்டதும் கமலாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்க்காலில் இறங்கிப் பழகிய கால் அது. வாய்க்கால் ஒரே பக்கம் இழுக்கும். இது வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாவது அலைக்கு அவள் கால் ஊன்றிக்கொண்டது.

"நான் அங்கிட்டு இருக்கேன்" என்று குடத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஜெயா மேட்டுக்குப் போனாள்.

கமலாம்பாள் பாலிதீனை அவிழ்த்தாள். மந்திரம் எதுவும் தெரியாது. குடத்தைச் சாய்க்கப் போனாள். கை நின்றது. அத்தனை நல்ல தண்ணீர். எத்தனை அணை தாண்டி வந்த தண்ணீர். அதை உப்பில் கொட்டுவதா?

சாய்த்தாள். குடத்தின் விளிம்பில் திரண்டு முதல் வீச்சு விழுந்தது.

'அறிவிருக்காடி உனக்கு?'

தெளிவாகக் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதே கட்டைக் குரலில்.

'நாத்தங்காலுக்கு ஆகுற தண்ணியக் கொண்டாந்து கடல்ல கொட்டுறியே, உன்னைய என்னன்னு சொல்றது? பஸ்ஸுல வேற தூக்கிக்கிட்டு வந்திருக்கா. ஊரு சிரிக்குது. அந்த அப்சரும் ரொப்பிக் குடுத்திருக்கான் பாரு, அவனச் சொல்லணும்.'

கமலாம்பாள் மூச்சு விடாமல் நின்றாள். குடத்தை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

'ஊத்துறா பாரு! சொல்லச் சொல்ல ஊத்துறா! ஒரு வாழை தழைச்சிருக்கும் இதுல. பொம்பளையா நீ?'

அவர் சாவுக்குப் பிறகு அவர் குரலை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். முகம் வரும், சட்டை வரும், துண்டு வரும், குரல் மட்டும் வராது. மறந்தேபோய்விட்டது என்று பயந்திருந்தாள். இப்போது அலைச் சத்தத்தையும் மீறிக்கொண்டு காதுக்குள் கத்துகிறார். அவள் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, மூக்கிலிருந்து வழிந்தது, துடைக்கக் கையில்லை.

"திட்டுங்க" என்றாள். "நல்லாத் திட்டுங்க. நீங்க போய்ச் சேரணும்னுதானே நான் இந்தப் பாடு படறேன்?"

சீக்கிரம் காலியாகிவிடக் கூடாதே என்று விரல் கனத்துக்கு ஊற்றினாள். அவர் வாழையில் தொடங்கி, கல்யாணமான வாரத்துச் சொம்புக்குப் போய், துரைராசுவின் மூளையை விசாரித்து, மகனையும் ஒரு பிடி பிடித்தார். குடம் கவிழ்ந்தது. கடைசிச் சொட்டு விளிம்பில் தொங்கியது, விழுந்தது.

அதோடு நின்றுவிட்டது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அலை வந்து போகிற சத்தம்தான். வெறுங்குடத்துக்குள் காற்று புகுந்து லேசாக ஊதியது. இவ்வளவு பெரிய கடலுக்கு முன்னால் தான் ஒருத்தி நிற்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கொல்லையில் வாளி வழிந்த அந்தச் சாயங்காலத்தைவிட இது பெரிய தனிமையாக இருந்தது.

ஜெயா வந்து கையைப் பிடித்தாள். "ஆச்சா பெரியம்மா? போய்ச் சேந்துட்டாரா?"

"சேந்துட்டாங்க" என்றாள் கமலாம்பாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. முழு உண்மை என்றும் தோன்றவில்லை. நனைந்த புடவையோடு பஸ் ஏறி, அப்சரிடம் குடத்தைத் திருப்பிக் கொடுக்க நடுவில் இறங்கி, வீடு வந்து சேர்ந்தாள். காலில் ஒட்டிய மணலைக் கழுவவில்லை. கூடத்தில் அப்படியே படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னாள், கடலுக்குப் போய் வந்தேன் என்று. "தனியாவா? எதுக்கும்மா இந்த வயசுல?" என்று பதறினான். "சும்மாதான்" என்றாள். பக்கத்து வீட்டு மாலதி, அடுத்த தடவை போகும்போது தானும் வருவதாகச் சொன்னாள். கமலாம்பாள் பிடி கொடுத்துப் பேசவில்லை. கடலுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், தாராளமாகப் போகட்டும். ஆனால் புருஷன் திட்டுவதைக் கேட்கப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரியையுமா கூட்டிக்கொண்டு போவார்கள்?

அடுத்த வியாழக்கிழமை, வீட்டுப் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அப்சர் பார்த்ததுமே படியிறங்கி ரொப்பிக் கொடுத்தார். அதே பஸ், அதே கண்டக்டர். இந்தத் தடவை லக்கேஜ் பேச்சு எடுக்கவில்லை. குடத்தை அவரே வாங்கி உள்ளே வைத்தார்.

"போன வாரம் ஊத்துனது போதலையா பெரியம்மா கடலுக்கு?"

"போதலப்பா" என்றாள் கமலாம்பாள். "அவங்க இன்னும் திட்டி முடிக்கல."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினார். அவள் குடத்தை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நகர்ந்து, பக்கத்தில் இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.